தன் கூலியை எழுதாத கணக்கு

காரைக்குடி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடப் போகிறவர். மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டில் அடுப்பருகே நின்று இருபது வருடம் பழகிய கை. முகூர்த்த மாதங்களில் நாள்கூலி கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இருக்காது. "வீட்டிலேயே சுட்டு விற்கலாம் என்று பார்க்கிறேன் ஐயா. கடனுக்கு வழி சொல்லுங்கள்" என்று ஒருநாள் வந்து நின்றார்.

கடன் இருக்கட்டும், ஒரு கிலோ மனகோலத்துக்கு என்ன செலவாகும் என்று முதலில் எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் மகளின் பள்ளி நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார். அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எண்ணெய், தேங்காய், ஏலக்காய், கேஸ் வரைக்கும் எல்லாம் சுத்தமாக இருந்தன. அவருடைய கூலி மட்டும் இல்லை.

"என் கைக்கு என்ன ஐயா கணக்கு?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்தவர் அடுப்பில் நின்றால் கூலியை எண்ணி வாங்குகிறவர், தன் அடுப்பில் நிற்பதை வேலையாகவே எழுதவில்லை. இப்படிக் கூலி விட்டுப்போன எத்தனையோ திட்ட அறிக்கைகளை லாபம் என்று ஒப்புக்கொண்டு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கடைகளில் எத்தனை மூடிப்போயினவோ!

திரும்ப உட்கார்ந்து எழுதினோம். அவர் கூலியும் சேர்ந்ததில் விலை கிலோவுக்கு 80 ரூபாய் ஏறியது. யார் வாங்குவார்கள் என்று பயந்தார். வாங்கினார்கள். அவர் கைப்பக்குவம் தெரிந்த வீடுகள் நாலைந்து இருந்தன, அவைதான் முதல் வாடிக்கை.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து தர ஒரு கணினி மையத்தில் 2,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிறவர்களுக்கு அப்போது அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். என் வீட்டிலேயே விண்ணப்பித்தோம்.

வங்கிதான் அலைக்கழித்தது. சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், மிகச் சிறிய கடன்களுக்கான சிஷு பிரிவு, 50,000 ரூபாய் வரை. அவர் கேட்டது 40,000. இரண்டு முறை தனியாகப் போனார், இரண்டு முறையும் "வீட்டுப் பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, பட்டாவும் கிடையாது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்றாம் முறை நானும் போனேன். ஈடு இல்லாததால் மறுக்கிறோம் என்று எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். பதினோரு நாளில் கடன் வந்தது. விதி என்னவோ பழைய விதிதான். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால்தான் அது ஏழைக்குக் கிடைக்கும் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆத்தங்குடி, பள்ளி ஆசிரியை:

ஐயா எழுதியதைப் படித்ததும் என்னுடைய பிழையையும் சொல்லிவிடத் தோன்றுகிறது. என்னிடம் படித்த ஒரு பையன், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை அவன் ஊற்றும்போது கை நடுங்கிப் பார்த்ததில்லை. சொந்தப் பட்டறை வேண்டும் என்றான். தொழில் தொடங்க வங்கிக் கடனும் மானியமும் கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தோம். உற்பத்தித் தொழிலில் திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அவன் ஏழோடு நின்றவன், அதனால் 8 லட்சத்துக்குத் திட்டம் போட்டோம். பட்டியல் சாதியினருக்குக் கிராமப்புறத்தில் மானியம் 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும்.

அந்த 2,80,000 ரூபாய் மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியில் அவன் பெயரில் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. மானியம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று வெளியில் 60,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிவிட்டான்.

அதோடு ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. வார்த்த கல் காய வேண்டும், பிறகு பல நாள் தண்ணீரில் ஊற வேண்டும், மறுபடியும் காய வேண்டும். வெயில் இல்லாவிட்டால் சரக்கு நகராது. ஆட்களுக்கோ சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். அச்சுக்கும் கொட்டகைக்கும் கணக்குப் போட்ட நாங்கள், கல் காயும் நாட்களுக்குப் பணம் ஒதுக்கவில்லை. இப்போது மழை மாதங்களில் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளியிடமே கூலிக்குப் போய்த் தவணை கட்டுகிறான். ஒரு தவணையும் தவறவில்லை. "டீச்சர், தை பிறந்தால் திறந்துவிடுவேன்" என்கிறான். இதற்கு மேல் அவனுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

டீச்சர், தவணை தவறாதவன் என்றால் அவனுக்கு வழி இருக்கிறது. நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது கூலி, சரக்கு போன்ற அன்றாடச் செலவுக்கு, வங்கியில் தனியாகக் கேட்கலாம். முதலில் அந்த வெளி வட்டியை அடைக்கப் பார்க்க வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்குகிறானா என்பதும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஆத்தங்குடிக்கு வருகிறேன். ஆர்டர் நோட்டையும் பாஸ்புக்கையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவன் தன் கூலியை எங்கே எழுதியிருக்கிறான் என்றும் பார்க்க வேண்டும்.