புதுப்பிப்பு: வளைந்த முகப்பின் 200 பலகங்கள்

முந்தைய இழையின் சிக்கல் இது: கிராஸ்ஹாப்பரில் (ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வடிவம் உருவாக்கும் கருவி) கட்டட முகப்பை 20×10 ஆகப் பிரித்தால், 200 பலகங்களும் ஒரே மூலையில் துகள்களாகக் குவிந்தன. காரணம் தெரிந்துவிட்டது. பரப்பின் அளவெல்லையைப் பகுதிகளாகப் பிரிக்கும் டிவைட் டொமைன் பெட்டியில் ரீபேராமீட்டரைஸ் (அந்த எல்லையை 0 முதல் 1 வரை என மாற்றும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தது, அந்தப் பகுதிகளின்படி பரப்பைத் துண்டாக்கும் ஐசோட்ரிம் பெட்டியில் இல்லை. அதனால் 0 முதல் 1 வரையான எல்லை, பல ஆயிரம் அலகு நீண்ட மூலப் பரப்பின் மேல் விழுந்தது. தீர்வு எளிது: பரப்பை ஏந்தும் சர்ஃபேஸ் பெட்டி ஒன்றில் மட்டும் ரீபேராமீட்டரைஸை இயக்கி, அங்கிருந்தே இரண்டுக்கும் கம்பி இழுங்கள். ஐசோட்ரிம், வெட்டப்பட்ட ஓரங்களைக் கண்டுகொள்ளாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மிச்சமிருப்பதுதான் கடினமானது: கண்ணாடிப் பலகங்களின் தட்டைத்தன்மை. மூன்று மூலைகளால் ஒரு தளம் அமைத்து, நான்காவது அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஒவ்வொரு பலகத்திலும் அளக்க வேண்டும். கண்ணாடி தாங்கும் அளவை மீறினால் கங்காருவில் (புள்ளிகளை நகர்த்தி இலக்குகளை எட்டும் கிராஸ்ஹாப்பர் துணைக்கருவி) மூலைகளை ஒரே தளத்துக்கு இழுக்கும் கோப்ளேனார் இலக்கு, கூடவே அவற்றை மூல வடிவத்தின் மேல் பிடித்துவைக்கும் ஆன்மெஷ் இலக்கு. ஆன்மெஷின் பலத்தை மிகுதியாக வைத்தால் பலகம் தட்டையாகாது. அறவே விட்டால் வடிவமே நழுவும். ஓரப் புள்ளிகளை நகராதபடி ஆங்கர் செய்யுங்கள்.

வடிவத்தை மாற்ற இன்னும் இடமிருந்தால், ஒரு வளைகோட்டை இன்னொன்றின் மேல் திருப்பாமல் நகர்த்தி உருவாக்கும் பரப்பே மேல். அதில் ஒவ்வொரு கட்டமும் இணைகரம். தட்டையாக்கும் வேலையே இல்லை.