ஆயா வீட்டுக் குரூப், தண்டையார்பேட்டை

சித்தி: நம்ம பெரிய பாப்பாவுக்கு கார்ப்பரேஷன்ல ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆர்டர் வந்துடுச்சு!! ரோடு செக்‌ஷன்தான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்கா.

ராயபுரம் மாமா: வாழ்த்துகள்மா. ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. ஐ.டி. வேலையை விட்டுட்டு தாரு, ஜல்லின்னு வெயில்ல நிக்கணுமா?

பெரிய பாப்பா: தாரும் ஜல்லியும் மட்டும் இல்ல மாமா. டி.எச். ரோட்டுல (திருவொற்றியூர் ஹை ரோடு) ஆயா ஏன் பிளாட்பாரத்துல ஏற மாட்டேங்குது? முட்டி மடங்கல. பிளாட்பாரம் கிட்டத்தட்ட முழங்கால் உசரம். அதனால கீழ நடக்குது, கன்டெய்னர் லாரி உரசிக்கினு போவுது.

பெரிப்பா: மழைத்தண்ணி கால்வாய் மேல மூடி போட்டு அதையே பிளாட்பாரமா வுட்டுட்டா அப்டித்தான் இருக்கும்.

பெரிய பாப்பா: ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதிப்படி 150 மி.மீ.க்கு மேல உசரம் கூடாது பெரிப்பா. நடக்க 1.8 மீட்டர் காலியா இருக்கணும், நடுவுல கம்பமோ ஈ.பி. பெட்டியோ வரக்கூடாது. ரெண்டு வீல்சேர் எதிரெதிரா போற அகலம் அது. நடக்குறவங்க, சைக்கிள்ல போறவங்களுக்குன்னு சென்னையில 2014லயே கொள்கை போட்டாச்சு. போக்குவரத்துப் பணத்துல 60 சதவீதமாவது அதுக்குப் போகணும்னு இருக்கு. அத நம்ம பக்கத் தெருவுல எறக்கணும். அதுக்குத்தான் இந்த வேலை.

மீன்கடை அத்தை: நல்லா இரு கண்ணு. ஆனா எனக்கு பயமா கீது. பிளாட்பாரம் போடுறோம்னு யார் வந்தாலும் மொதல்ல எங்க கூடையத்தான் தூக்குறாங்க.

சித்தி: அண்ணி, நம்ம பொண்ணு அப்டி செய்வாளா?

மீன்கடை அத்தை: அவ செய்ய மாட்டா. மேல இருந்து சொன்னா?

பெரிய பாப்பா: நீங்க கேக்குறது நியாயம் அத்தை. தெருவோர வியாபாரிங்களுக்கு 2014லயே சட்டம் வந்துருச்சு. சர்வே முடிச்சு எல்லாருக்கும் சான்றிதழ் தர்ற வரைக்கும் யாரையும் எடுக்கக் கூடாது. எங்க கடை வைக்கலாம்னு பேசுற விற்பனைக் குழுவுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிங்களே இருக்கணும். அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. அந்தக் குழுவுக்கு நீங்களே நிக்கலாம். டியூஷன் முடிஞ்சு ராத்திரி நான் பயமில்லாம வந்ததே உங்க கடை லைட்டு எரிஞ்சதாலதான். அந்த லைட்ட அணைச்சுட்டு என்ன நல்ல தெரு போடுறது?

ராயபுரம் மாமா: சரிமா. தி.நகர் பாண்டி பஜார்ல அகலமா பிளாட்பாரம் போட்ட மாதிரியே இங்கயும் பண்ணிடலாமே?

பெரிய பாப்பா: அது அகல ரோடு மாமா. இங்க மீன்பாடி வண்டி திரும்பணும், பள்ளிக்கூடப் பசங்க கடக்கணும், லாரியும் போவணும். அத அப்டியே இங்க வைக்க முடியாது, நம்ம தெருவ அளந்துதான் போடணும்.

மீன்கடை அத்தை: அப்போ ஞாயித்துக்கெழம டேப்பு எடுத்துனு வா. கூடைக்கும் வெட்டுற கட்டைக்கும் எவ்ளோ எடம் வேணும்னு நானே காட்டுறேன்.

ராயபுரம் மாமா: நான் ஆயாவ கூட்டினு வரேன். அதால எவ்ளோ உசரம் ஏற முடியுதுன்னு அதையும் அள.