பொருள்: ஸ்பார்க்ளிங் ஒயினுக்குத் தமிழில் என்ன? (புரொசெக்கோ அத்தியாயம், அவசரம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலிப் பயண நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். புரொசெக்கோ என்ற குமிழிவிடும் இத்தாலிய ஒயினைப் பற்றிய அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். வெனெத்தோ மாநிலத்தில் கொனெல்யானோவுக்கும் வால்தொப்பியாதெனேவுக்கும் நடுவில் உள்ள குன்றுகள் 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தச் சரிவுகளில் விளையும் க்ளேரா என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வருவதுதான் இந்த ஒயின்.

கையில் இருக்கும் பழைய சொற்பட்டியலில் 'மினுங்கும் மது' என்று இருக்கிறது. அதைப் போட மனம் வரவில்லை. கோப்பையில் குமிழி ஏறுவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மினுக்கம் எதற்கு? மேலும், எனக்கு ஒரு சொல் போதாது. இத்தாலியர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். புட்டிக்குள் வாயுவின் அழுத்தம் 3 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) குறையாதது ஸ்புமாந்தே. 1 முதல் 2.5 பார் வரை இருப்பது ஃப்ரிட்சாந்தே. முன்னது நுரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பின்னது நாக்கில் சுருசுருவென்று குத்துவதைச் சொல்வது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் பாதி அத்தியாயம் பொருளில்லாமல் போய்விடும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, சொல் நம்மிடம் இருக்கிறது. தேறல், அதாவது தெளிந்த மது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடும்போது "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார் (புறநானூறு 56). அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் திசையிலிருந்து கலத்தில் வந்த மதுவுக்கு நம் புலவர் அன்றே வைத்த பெயர் இருக்க, நாம் ஏன் ஒயின் என்று கடன் வாங்க வேண்டும்? ஸ்புமாந்தேவுக்கு நுரைத்தேறல் என்று போடுங்கள். ஃப்ரிட்சாந்தேவுக்குப் பொங்குதேறல். பின்னது வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். புரொசெக்கோ என்பது திரியெஸ்தே நகரருகே உள்ள ஒரு சிற்றூரின் பெயரும்கூட. 2009 வரை திராட்சைக்கும் அதுவே பெயராக இருந்தது. பெயர் ஊருக்கு உரியது என்று சட்டப்படி நிறுத்துவதற்காகத்தான் திராட்சையை க்ளேரா என்று மாற்றி அழைத்தார்கள். நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு. நறவு என்பது மது. நறவு என்று ஓர் ஊரும் இருந்தது. பதிற்றுப்பத்தில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் அந்த ஊரைச் சொல்லும்போது, குடிக்கிற நறவு அன்று என்பதற்காகத் "துவ்வா நறவு" என்கிறார். ஒரே அடைமொழியில் ஊரும் கள்ளும் பிரிந்துவிட்டன பாருங்கள். தேறல், தெளி, தெள், தெருள் எல்லாம் ஒரே வேரடியில் வருபவை. தேனையும் இதோடு சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கேட்டரிங் ஆசிரியை எழுதியது:

ஐயா, நறவு பற்றிய செய்தி அருமை. ஆனால் தேறலை நான் ஏற்கமாட்டேன். இரண்டு காரணம்.

ஒன்று, என் வகுப்பில் தேறுவது என்றால் பரீட்சையில் தேறுவதுதான். கரும்பலகையில் நுரைத்தேறல் என்று எழுதிவிட்டு அதற்கு ஒரு உரையும் எழுத வேண்டிவரும்.

இரண்டாவதுதான் முக்கியம். தேறல் என்றால் தெளிந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தக் குன்றுகளில் கொல் ஃபொந்தோ என்று ஒரு பழைய வகை உண்டு. 'அடிமண்டியோடு' என்று பொருள். இன்றைக்குப் பெரும்பாலான புரொசெக்கோவில் குமிழியைத் தரும் இரண்டாவது நொதித்தல், அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. 1895இல் மார்த்தினோத்தி காப்புரிமை பெற்ற முறை அது, பிறகு 1907இல் ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர் மேம்படுத்தினார். தொட்டியிலேயே ஈஸ்ட்டை வடிகட்டிவிட்டுப் புட்டியில் அடைப்பதால் ஒயின் பளிங்குபோல் இருக்கும். கொல் ஃபொந்தோ அப்படியில்லை. புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கும், ஈஸ்ட் அங்கேயே தங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் வெளிர்நிற மாவுபோல் ஒரு படிவு தெரியும். சிலர் புட்டியை ஆட்டாமல் மேலாக ஊற்றிக் கடைசி விரற்கடையைப் புட்டியிலேயே விட்டுவிடுவார்கள். சிலர் வேண்டுமென்றே தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி ஊற்றுவார்கள், கோப்பை முழுக்கக் கலங்கலாக வரும். அந்தக் கலங்கலைத் தேறல் என்றால் சொல்லே பொருளை மறுக்கிறது.

என் ஓட்டு நுரை ஒயின், குமிழ் ஒயின். கொல் ஃபொந்தோவுக்கு மண்டி ஒயின். காபி மண்டி, எண்ணெய் மண்டி என்று எல்லார் வீட்டிலும் புழங்கும் சொல்தானே.

தமிழாசிரியர்:

அம்மா, கலங்கல் பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. தேறலை எடுத்துவிட்டு நறவை வையுங்கள், தெளிவு என்ற பொருள் அதில் இல்லை. நுரைநறவு, மண்டிநறவு. ஆனால் நுரை ஒயின் என்று இடைவெளி விட்டு எழுதுவது தொகைச்சொல் ஆகாது. சேர்த்து எழுதினால் உடம்படுமெய் வந்து நுரையொயின் என்று ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் எழுதியது:

நாங்கள் வைன் எண்டுதான் எழுதுறனாங்கள். வகர ஐகாரம் சொல்லுக்கு முதலில் வரலாம். தொல்காப்பியர் வகரத்தோடு விலக்குவது உ, ஊ, ஒ, ஓ நான்கையும்தான். னகர ஒற்றில் முடியிறதும் முறைதான். நுரைவைன், குமிழ்வைன், மண்டிவைன் எண்டு எழுதினால் புணர்ச்சியிலும் இடறல் இல்லை. கடன் சொல்தான், ஆனால் இலக்கணத்துக்குள்ள நிக்குது.

மொழிபெயர்ப்பாளர்:

இது பிடித்திருக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் சாய்வதாகத் தெரிகிறது. டிஓசி என்ற சட்டப் பாதுகாப்பை விளக்க, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்ததுபோல 'புவிசார் குறியீடு' என்று எழுதிவிட்டேன். அதில் யாருக்கும் தடையிருக்காது. குன்றுச் சரிவில் கல் அடுக்காமல் புல் மூடிய மண்மேட்டையே கரையாக விட்டு அமைக்கும் குறுகிய படிகளை அங்கே சில்யோனி என்கிறார்கள். அதற்குப் 'புல்வரப்புப் படிகள்'.

இன்னும் ஒன்று பாக்கி. புட்டியில் எக்ஸ்ட்ரா டிரை என்று இருக்கும். ஒயினில் டிரை என்றால் இனிப்பு குறைந்தது என்று பொருள். சொற்பட்டியலில் 'மிகு உலர்' என்கிறது. உலர் திராட்சையில் செய்தது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மேலும், லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை உள்ளது பிரூட். எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை. டிரை என்றாலோ 17 முதல் 32. பெயர் போகும் திசைக்கு நேரெதிராக இனிப்பு ஏறுகிறது!

கேட்டரிங் ஆசிரியை:

அதை மொழிபெயர்க்காதீர்கள். புட்டியில் உள்ளபடியே பிரூட், எக்ஸ்ட்ரா டிரை என்று தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் கிராம் கணக்கைக் கொடுங்கள். கடையில் புட்டியைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அதுதான் உதவும்.

யாழ்ப்பாணத்து அன்பர்:

நானும் அதுக்கு உடன்படுறன்.

தமிழாசிரியர்:

நான் உடன்படவில்லை. சர்க்கரை அளவைச் சொல்வதற்குக்கூடத் தமிழில் சொல் இல்லையா? துவர் என்று யாரோ எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறார்கள். அது டானின் சுவைக்கு உரியது, இங்கே பொருந்தாது. பிரூட்டுக்கு அருகினிப்பு, எக்ஸ்ட்ரா டிரைக்குச் சிற்றினிப்பு, டிரைக்கு நல்லினிப்பு என்று ஏற்றமாக வைத்தால் வாசகர் குழம்பமாட்டார். தம்பி, திங்கட்கிழமைக்கு உங்கள் வசதிப்படி அனுப்புங்கள். வைன் என்பதற்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. நறவைப் பற்றியும் தேனின் வேரைப் பற்றியும் புது இழையில் எழுதுகிறேன், இந்த மூன்று இனிப்புச் சொற்களையும் அங்கே வைத்துப் பேசுவோம்.