விஎம் பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு ஃபைலை எடுத்த கதை: நெல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

பாளைக்காரன்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஏழெட்டு அலுவலகங்களுக்கு சர்வர் பார்க்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ், அரிசி ஆலை, நகைக்கடை என்று எல்லாம் சின்ன இடங்கள்தான். முழு விஎம்மையும் (சர்வருக்குள் தனி மெஷின் மாதிரி ஓடும் மெய்நிகர் கணினி) ரெஸ்டோர் செய்யச் சொல்லி, அதாவது பேக்கப்பில் இருந்து மீட்கச் சொல்லி, இத்தனை வருஷத்தில் என்னைக் கூப்பிட்டது இரண்டே தடவை. "அண்ணாச்சி, ஒரு ஃபைல் போயிட்டு, எடுத்துத் தாங்க" என்று கூப்பிட்டதற்குக் கணக்கே இல்லை. ஆனால் பேக்கப் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முழு விஎம்மைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 26. வரித் தணிக்கை அறிக்கைக்கு 30ஆம் தேதி கெடு. அந்த வாரத்தில் ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் டீ குடிக்கக்கூட வெளியே வர மாட்டார்கள். காலையிலேயே போன். ஒரு பார்ட்டியின் தேய்மானக் கணக்கு இருக்கிற எக்செல் ஃபைலில் முதல் ஷீட் தவிர மற்றதெல்லாம் காலி. எப்போதிருந்து என்று கேட்டேன். "நேத்து இருந்துச்சு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் "போன வாரமே இல்லையே" என்றார். அங்கேதான் சிக்கல். எந்த ஃபைல் என்று சொல்வார்கள், எந்த நாள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே விஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது, கூடவே அவற்றின் பேக்கப்பைச் சேர்த்து வைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். தினசரி 7, வாரத்துக்கு ஒன்றாக 4, மாதத்துக்கு ஒன்றாக 6 என்று வைத்திருக்கிறேன். பேக்கப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'ஃபைல் ரெஸ்டோர்' அழுத்தினால், திரைக்குப் பின்னால் ஒரு குட்டி விஎம் எழும்பும். அது பேக்கப்பில் உள்ள டிஸ்க்கைப் படிக்க மட்டும் மாட்டிக்கொண்டு, ஃபோல்டர் ஃபோல்டராக விரித்துக் காட்டும். சில விநாடி ஆகும், பொறுமையாக இருக்க வேண்டும். நேரடியாக மவுன்ட் செய்யாமல் இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. அந்த டிஸ்க்கில் ஏதாவது விஷமம் இருந்தால் அது குட்டி விஎம்மோடு போகட்டும், விஎம்களை ஓட்டும் தாய் மெஷினின் கர்னலை, அதாவது அதன் இயங்குதளத்தின் மையத்தை, தொடக்கூடாது என்பதுதான். 2021இல் 6.4 பதிப்போடு வந்த வசதி இது.

நான் எதையும் டவுன்லோடு செய்யவில்லை. அளவையும் கடைசியாக மாறிய தேதியையும் மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். நேற்றைய பேக்கப்பில் அந்த ஃபைல் 41 கேபி. ஏழு நாளைக்கு முந்தியதிலும் 41. சரி, வாரக் கணக்குக்குப் போனேன். ஒரு வாரம் பின்னால், 41. இன்னொரு வாரம் பின்னால், 380 கேபி! அதை மட்டும் இறக்கி, பழைய ஃபைலின் மேல் வைக்காமல் பக்கத்தில் 'பழையது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்துவிட்டு வந்தேன். நடுவில் செய்த வேலையை அவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து திரும்பச் செய்தார்கள். யார் அழித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த தடவை நமக்குப் போன் வராது.

இதே ஆபீஸில் டேலி விஷயம் வேறு. அங்கே கம்பெனி டேட்டா ஐந்து இலக்க எண் பெயரில் ஒரு ஃபோல்டராக இருக்கும். அதற்குள் இருந்து ஒரு ஃபைலை மட்டும் பிடுங்கி வைக்கக் கூடாது, முழு ஃபோல்டரையும் ஒரே நாள் பேக்கப்பில் இருந்து எடுக்க வேண்டும்.

ரதவீதி

டவுனில் அச்சகம் வைத்திருக்கிறோம். எங்கள் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

எங்கள் டிசைனர் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற அழகைப் பாருங்கள்: "ஆவணி மூணாவது முகூர்த்தம் டவுன் அழைப்பிதழ் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன திருத்தம் கடைசி இதுதான் கடைசி". விண்டோஸில் இதற்கு ஒரு தடையும் இல்லை. ஒருநாள் அந்த ஃபோல்டரே அழிந்துவிட்டது. மருமகன் பேக்கப் டிஸ்க்கை லினக்ஸில் திறந்தான், எல்லாம் தெரிகிறது. காப்பி செய்தால் பாதி வருகிறது, பாதிக்கு 'பெயர் ரொம்ப நீளம்' என்று எரர்.

அரை நாள் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில்தான் வித்தியாசம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 எழுத்துக்குறி வரை விடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 விடுவது 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'கொ' என்றால் க ஒன்று, அந்தக் கொம்பு ஒன்று, ஆக ஆறு பைட். மேலே சொன்ன பெயர் 260ஐத் தாண்டுகிறது. கடைசியில் ரெஸ்டோர் செய்த டிஸ்க்கை ஒரு விண்டோஸ் விஎம்மில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அங்கிருந்தே எடுத்தோம். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பிழைத்தோம்.

டிசைனர் இன்னும் அப்படித்தான் பெயர் வைக்கிறார்.

சந்திப்பு

ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது நான் செய்த கூத்து இது. பெயர் வேண்டாம்.

ஒரே ஒரு ரிப்போர்ட் ஃபைல் வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு ஃபைல் மட்டும் எடுக்கத் தெரியாது. முழு விஎம்மையும் வேறு எண்ணில் ரெஸ்டோர் செய்து, உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டார்ட் பண்ணினேன். நெட்வொர்க் கார்டைத் துண்டிக்க மறந்துவிட்டேன். ஒரே ஐபியில் இரண்டு சர்வர். பாதிப் பேருக்குப் புதியது தெரிகிறது, பாதிப் பேருக்கு மூன்று வாரம் பழையது. அதைக்கூட ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து அணைத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள், பழைய விஎம் எழுந்த உடனே, 'தவறிப்போன வேலை' என்று நினைத்து, தவணை பாக்கி எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பிவிட்டது. மூன்று வாரத்துக்கு முந்தைய பாக்கிப் பட்டியல்!

மறுநாள் காலையில் கவுன்டர் முன்னால் கூட்டம். ஒரு பெரியவர் ரசீதை மேசையில் போட்டு, "கட்டுன துட்டுக்கு இந்தா ரசீது கெடக்கு, விளையாடுதியளா வே?" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போது முழு ரெஸ்டோர் செய்ய வேண்டி வந்தால், ஸ்டார்ட் அழுத்தும் முன் நெட்வொர்க்கில் 'டிஸ்கனெக்ட்' டிக் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறேன்.

அம்பை

எங்களிடம் பேக்கப் சர்வர் எல்லாம் கிடையாது. யுஎஸ்பி டிஸ்க்கில், பிராக்ஸ்மாக்ஸ் முழு விஎம்மையும் ஒரே கட்டாகக் கட்டி வைக்கும், சுருக்கிய விஎம்ஏ ஃபைலாகக் கிடக்கும். அதற்கு அந்த ஃபைல் ரெஸ்டோர் பட்டன் வேலை செய்யாது. முதலில் விரிக்க வேண்டும், அதற்குள் இருந்து டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் திறக்க முடியும். இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். நான் பார்க்கவில்லை, சர்வரின் டிஸ்க்கை நிரப்பி ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன்.

இன்னொரு தொல்லை எல்விஎம், அதாவது லினக்ஸில் டிஸ்க்குகளை 'வால்யூம் குரூப்' என்று ஒரு குழுவாகச் சேர்த்து இடத்தைப் பங்கிடும் முறை. உபுன்டு நிறுவும்போது வால்யூம் குரூப்புக்குத் தானாக ஒரே பெயரை வைத்துவிடும். நான் திறக்கிற மெஷினிலும் உபுன்டு, பேக்கப்புக்குள்ளும் உபுன்டு. ஒரே பெயரில் இரண்டு குரூப் என்று முரண்டு பிடித்தது. இப்போது இந்த வேலைக்கென்றே எல்விஎம் இல்லாத ஒரு சின்ன டெபியன் விஎம் வைத்திருக்கிறேன். அல்லது விஎம் டிஸ்க்கைத் திறந்து காட்டும் கெஸ்ட்மவுன்ட் என்ற கருவி இருக்கிறது, அதுவும் தனக்குள்ளேயே ஒரு குட்டி லினக்ஸை எழுப்பித் திறப்பதால் பெயர் மோதாது.

வள்ளியூரான்

ஹைப்பர்-வி (விண்டோஸில் விஎம் ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு. விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் விஎச்டிஎக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் சாதாரண டிரைவ் மாதிரி திறந்துவிடும், வெகு சுலபம். அந்தச் சுலபம்தான் ஆபத்து. நான் திறந்தது பேக்கப் காப்பி அல்ல, செக்பாயின்ட் போட்டிருந்த விஎம்மின் தாய் டிஸ்க். செக்பாயின்ட் போட்டால் அன்றைய நிலை தாய் டிஸ்க்கில் அப்படியே நிற்கும், பிறகு வரும் மாற்றமெல்லாம் தனிப் பிள்ளை டிஸ்க்கில் போகும். அப்போது விஎம்மை அணைத்திருந்ததால் திறந்துவிட்டது. திறந்த மாத்திரத்தில் விண்டோஸ் அதில் ஏதோ எழுதியிருக்கிறது. பிள்ளை டிஸ்க் தாயை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. 'ரீகனெக்ட்' கொடுத்துச் சேர்த்து வைத்தேன், டேட்டா தப்பியது. காப்பியைத்தான் திற, அதையும் படிக்க மட்டும் மாட்டு என்று சர்வர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரதவீதி

இன்னொன்று ஞாபகம் வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் பொது ஃபோல்டர் முழுவதையும் பேக்கப்பில் இருந்து ஜிப்பாக எடுத்து வைத்தார்கள். ஃபைல் எல்லாம் வந்தது, யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள் வரவில்லை. மதியத்துக்குள் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கொக்கிரகுளம்

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. இந்தப் பக்கம் தாமிரபரணி கரை தாண்டி கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. நான் பார்க்கும் மொத்த வியாபாரக் கடை ஆற்றுக்குப் பக்கத்தில்தான், தரைத்தளம். சர்வரும் பேக்கப் சர்வரும் ஒரே அலமாரியில், கீழ்த்தட்டில். இரண்டும் முழுகின.

பேட்டையில் என் வீட்டு மாடியில் ஒரு டிஸ்க் இருந்தது. வாரம் ஒருமுறை பேக்கப்பை அதில் ஒத்திசைத்து எடுத்து வருவேன். கரண்ட் வந்ததும் முதலாளி கூப்பிட்டார். "சர்வர் எப்ப வேணும்னாலும் வரட்டும் தம்பி, யார் யாரு எனக்கு எவ்வளவு தரணும்னு அந்தக் கணக்கு மட்டும் இப்ப வேணும்." நியாயம். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் பேக்கப் சர்வரை நிறுவி, டிஸ்க்கை மாட்டி, பட்டியலும் வந்துவிட்டது. திறக்கப் போனால் சாவி கேட்கிறது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தேன், சாவி ஃபைல் முழுகின சர்வரில்!

கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. நிறுவின அன்றைக்கு 'பேப்பர் கீ' என்று ஒரு வசதியைப் பார்த்து, சாவியை க்யூஆர் குறியோடு பிரின்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை என்னவென்று தெரியாமலே வீட்டு பீரோவில், பத்திரம், ரேஷன் கார்டு இருக்கிற கவருக்குள் வைத்திருந்தார். வீடு மேட்டில், தண்ணீர் ஏறவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்து சாவியை உண்டாக்கி, விஎம் எதையும் எழுப்பாமல், பில்லிங் ஃபோல்டரை மட்டும் எடுத்து அவர் மகனின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். முழு சர்வர் எழுந்தது பதினெட்டு நாள் கழித்து. அதற்குள் அவர் பாதி பாக்கியை வசூல் செய்துவிட்டார்.

முக்கூடல் தம்பி

அண்ணாச்சிகளே, நான் இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தினமும் பேக்கப் பச்சை டிக் காட்டும், மெயிலும் வரும், அதோடு விட்டுவிடுவேன். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு பேக்கப்பை முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். சி டிரைவ் மட்டும் தெரிகிறது. டி டிரைவ் இல்லை. ஆபீஸ் ஃபைல் எல்லாம் டியில்தான் இருக்கிறது. நான் தப்பாகத் திறக்கிறேனா?

பாளைக்காரன்

தம்பி, டி டிரைவ் தனி டிஸ்க்கா? விஎம்மின் ஹார்ட்வேர் பக்கத்துக்குப் போய் அந்த இரண்டாவது டிஸ்க்கைத் திருத்து என்று திறந்து பாருங்கள். 'பேக்கப்' என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிட்டிருந்தால் அந்த டிஸ்க்கைத் தொடாமலே பேக்கப் ஓடி, பச்சை டிக்கும் காட்டும்.

முக்கூடல் தம்பி

டிக் இல்லை அண்ணாச்சி. எனக்கு முன்னால் இருந்தவர் இடம் பத்தவில்லை என்று எடுத்திருக்கிறார் போல. எட்டு மாதமாக டி டிரைவ் ஒருநாள்கூடப் போகவில்லை. கை நடுங்குகிறது. இப்போது போட்டுவிட்டேன், இரவு 11 மணிக்கு ஓடும்.

பாளைக்காரன்

11 மணி வரைக்கும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? 'பேக்கப் நவ்' இருக்கிறதே, இப்பவே ஓட விடுங்கள். முதல் தடவை முழு டிஸ்க்கும் போகும், நேரம் எடுக்கும். இடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.