சால்வென்ட் (கரைப்பான்) மாத்துனதும் ராடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) கலர் மாறுன அனுபவம் யாருக்காவது இருக்கா?

பச்சைக்குடுவை:
நாஃப்தலின் சோடியம் எல்லாரும் பண்ணிருப்பீங்க, சோடியம் நாஃப்தலினுக்கு ஒரு எலக்ட்ரான் குடுக்கும், டிஹெச்எஃப்ல (டெட்ராஹைட்ரோஃப்யூரான், வளைய ஈதர்) போட்டா கரும்பச்சை. அன்னைக்கு ஸ்டில் (சால்வென்ட்ட காய்ச்சி வடிக்கிற செட்டப்) காலி, எல்லாம் ஈதர் தானேன்னு சீனியர் டைஎத்தில் ஈதர்ல போடச் சொல்லிட்டாரு. மதியம் வரை ஸ்டிர் ஆகுது, சோடியம் வெட்டுன பக்கம் பளபளன்னு அப்படியே இருக்கு, கலரே இல்ல. சாயங்காலம் டிஹெச்எஃப் கிடைச்சதும் ஸ்டிர்ரரை நிறுத்திட்டு சிரிஞ்ச்ல கொஞ்சம் விட்டேன், சோடியம் ஓரத்துலேர்ந்து பச்சையா ஒரு இழை கிளம்புச்சு பாருங்க! இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டும் ஈதர் தானே, ஏன்?

வேக்வம்_வேலன்:
டைஎலக்ட்ரிக் மாறிலி (எதிரெதிர் சார்ஜோட ஈர்ப்ப சால்வென்ட் எவ்ளோ குறைக்கும்ங்கிற அளவு) தான் ப்ரோ, டிஹெச்எஃப் 7.5, ஈதர் 4.3. நான் டிஎம்பிடியையும் (எலக்ட்ரான் குடுக்குறது) குளோரானிலையும் (வாங்கிக்கிறது) சைக்ளோஹெக்சேன்ல கலந்தப்ப எலக்ட்ரான் தாவல, எலக்ட்ரானை முழுசா குடுக்காம ஒட்டி நிக்கிற வெறும் சார்ஜ் டிரான்ஸ்ஃபர் காம்ப்ளெக்ஸ். அதே ரெண்டையும் அசிட்டோநைட்ரைல்ல போட்டா (37 கிட்ட) தனித்தனி அயனி, டிஎம்பிடி ராடிக்கலோட வுர்ஸ்டர் நீலம் பளிச்சுனு வந்துருச்சு.

ஈஎஸ்ஆர்_ராத்திரி:
வேலன், அந்த நம்பரை மட்டும் பிடிச்சுட்டு தொங்காதீங்க. டைமெத்தாக்சிஈத்தேன் 7.2 தான், டிஹெச்எஃப்பை விட கம்மி, நாஃப்தலினைடு (அந்தப் பச்சை ராடிக்கல்) அதுல சூப்பரா வருது, ஒரே மூலக்கூறு ரெண்டு ஆக்சிஜனால சோடியம் அயனிய இடுக்கிப் பிடிச்சுக்கும். டிஹெச்எஃப்லயும் வளையத்துக்கு வெளிய ஆக்சிஜன் துருத்திட்டு நிக்குது, டைஎத்தில்ல ரெண்டு எத்திலும் ஆடி வழிய மறைக்குது. 1902லயே வேதியியலாளர் வால்டன் டிரைட்டில் குளோரைட திரவ சல்ஃபர் டையாக்சைடுல போட்டாரு, அயனியா பிரிஞ்சு மஞ்சளாகி கரண்ட் பாஞ்சுது. அதோட டைஎலக்ட்ரிக் அசிட்டோனை விடவே கம்மிங்க, குளோரைட அது கவ்விக்குது, அவ்ளோதான். நான் ஈஎஸ்ஆர்ல (ஜோடி சேராத எலக்ட்ரானைக் கோடுகளா காட்டுற கருவி) நாஃப்தலினைடோட டிஹெச்எஃப் சாம்பிள கூல் பண்ணப்ப, சோடியத்தால நாலா பிரிஞ்சிருந்த ஒவ்வொரு கோடும் ஸ்க்ரீன்லயே நெருங்கி நெருங்கி வந்துச்சு, நடுவுல சால்வென்ட் புகுந்து சோடியம்-நாஃப்தலினைடு ஜோடிய விலக்குது. வெப்பம் குறைஞ்சா பிணைப்பு இறுகும்னு நினைச்சவனுக்கு அது ஒரு அடி.

ஸ்டில்காரன்:
ஹெக்சேன் ஸ்டில்ல பென்சோஃபினோன் நீலமே (சோடியத்தோட சேர்ந்து, சால்வென்ட் காஞ்சிருச்சுன்னு காட்டுற ராடிக்கல் கலர்) வராது, டெட்ராகிளைம் (டைமெத்தாக்சிஈத்தேனோட நீளமான சொந்தக்காரன்) கொஞ்சம் விட்டேன், வந்துச்சு. அது கிடக்கட்டும், மிச்ச சோடியத்த என்ன பண்ணீங்க? தண்ணி ஊத்திடாதீங்க, நைட்ரஜன் ஓடட்டும், ஐசோப்ரொப்பனால் சொட்டு சொட்டா, ஐஸ்ல வச்சு, குமிழி முழுசா நின்ன பிறகும் கொஞ்ச நேரம் விட்டு மெத்தனால், கடைசில தான் தண்ணி. டிஹெச்எஃப் பழசா இருந்தா பெராக்சைடு (வெடிக்கக்கூடியது) டெஸ்ட் பண்ணாம சூடாக்கவே கூடாது. ஸ்டில்ல வறட்ட விட்டுட்டுப் போய் டீ குடிக்கிற பசங்க இருக்காங்க, அவங்கள...

பச்சைக்குடுவை:
அண்ணே சோடியம் பத்திரமா தான் போச்சு. ஈஎஸ்ஆர்_ராத்திரி, அப்ப ஈதர்லயே கிளைம் (நீங்க சொன்ன டைமெத்தாக்சிஈத்தேன்) ரெண்டு சொட்டு விட்டாலும் பச்சை வருமா? நாளைக்கு போட்டுப் பாக்குறேன்.