ஐந்து வயசில் யாருங்க குதிரைப்படையில் இருந்தது?

மண்வெட்டி: நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார்: "இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் ஆஃபர்ட் க்ளூனியில் கிடைத்த எலும்புக்கூடு, கி.பி. 175இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் பிரிட்டனுக்கு அனுப்பிய 5,500 சர்மேஷியக் குதிரைவீரர்களில் ஒருவர். டிஎன்ஏ நிரூபித்துவிட்டது." எங்கே நிரூபித்தது? காதெலும்பு டிஎன்ஏ சர்மேஷிய வம்சம்னு, அதாவது கருங்கடலுக்கு வடக்கே இருந்த நாடோடிக் கூட்டத்து வம்சம்னு சொல்லுது, அவ்வளவுதான். பல்லைப் பாருங்க. ஐந்து வயசு வரை தினை வகைச் சாப்பாடு, பிறகு அது குறைஞ்சு கோதுமைப் பக்கம் போகுது. பிள்ளையாவே மேற்கே வந்துட்டான். ஐந்து வயசில் யார் ஈட்டி பிடிச்சது?

வைகைக்கரையான்: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்றதுக்கென்ன? 5,500 பேர் போனதை ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கார். இவன் காலம் 126க்கும் 228க்கும் நடுவில். பொருந்துதே!

மண்வெட்டி: நூறு வருஷ இடைவெளியில் எதுதான் பொருந்தாது? செத்தப்போ வயசு 18லிருந்து 25. கிளம்பினது ஐந்தில்.

நெல்லுமணி: "தினை"ன்னு எழுதாதீங்க. தினை, பனிவரகு, கம்பு, சோளம் எல்லாமே சி4 பயிர், ஒரே மாதிரி ஒளிச்சேர்க்கை பண்றது. கார்பன் ஐசோடோப்பு, அதாவது பல்லில் தங்குற கார்பன் அணு வகைகளோட விகிதம், எந்தப் பயிர்னு பிரிச்சுச் சொல்லாது.

மண்வெட்டி: தினை "வகை"ன்னுதான் எழுதினேன். முழுசாப் படிச்சுட்டு வாங்க.

நெல்லுமணி: பயிர் விஷயத்தில் எனக்குப் பாடம் வேண்டாம். மூணு தலைமுறையா மானாவாரி விவசாயம் பண்ற வீடு எங்களோடது.

வைகைக்கரையான்: தெற்கு இங்கிலாந்தில் கிடைச்ச ரோமர் கால எலும்புக்கூடு, பீச்சி ஹெட் பெண், ஆப்பிரிக்காக்காரின்னு மண்டையோட்டு அளவை வெச்சு அடிச்சுப் பேசினது யார்? 2025இல் டிஎன்ஏ அவளை உள்ளூர்க்காரின்னு காட்டினது. அன்னிலேர்ந்து உங்க பதிலுக்குக் காத்திருக்கேன்.

மண்வெட்டி: அது மண்டையோடு, இது பல். பல்லோட எனாமலுக்கு உள்ளே இருக்கிற டென்டினை மேலிருந்து கீழே மெல்லிசாத் துண்டு போட்டுப் பார்த்தா எந்த வயசில் என்ன தின்னான்னு வரிசையாத் தெரியும். உங்களுக்கு அதுக்குப் பதில் இல்லை, அதான் பழசைக் கிளறுறீங்க. இன்னொண்ணு: இவனைப் புதைச்சது பாதையோரக் குழியில், தனியா. கூட ஒரு பொருள்கூட இல்லை. குதிரைவீரன் அடையாளம் எங்கே?

கூழ்ப்பானை: படையில் வந்த ஒருத்தரோட மகனா இருக்கலாமே? ஆய்வாளர்களே குடும்பத்தோட வந்திருக்கலாம்னுதானே சொல்றாங்க.

வைகைக்கரையான்: அதைத்தான் நானும் சொல்றேன். படையோட வந்தவன்!

மண்வெட்டி: நீங்க எழுதினது "குதிரைவீரர்களில் ஒருவர்". மேலே அப்படியே இருக்கு. ஐந்து வயசு. திரும்பச் சொல்றேன், ஐந்து.

வைகைக்கரையான்: பீச்சி ஹெட்டுக்குப் பதில் வரட்டும், அப்புறம் ஐந்தைப் பேசலாம்.