புதுப்பிப்பு: பினாங்கு ஜார்ஜ்டவுன் ஏலம், நீரிணைக் குடியேற்ற வெள்ளி நாணயங்கள்

போன பதிவில் போட்ட ஏலப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நீரிணைக் குடியேற்றத்தில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனி) பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் தலை போட்டு வந்த ஒரு வெள்ளி (டாலர்) நாணயங்களை எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

ஏலத்துக்கு முன் பொருள்களை நேரில் பார்க்க விடும் பார்வை நாளில் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். 1903, 1904 நாணயம் 26.95 கிராம், 37 மி.மீ. 1907 முதல் 1909 வரை அடித்தது சிறியது, 20.21 கிராம். இரண்டிலும் வெள்ளி உலோகம் 90 சதவீதம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் தொடவே வேண்டாம். எடை சரியாக இருந்தாலும் விளிம்பைப் பாருங்கள்: அச்சில் வார்த்த போலியில் வரிகளுக்கு நடுவே மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும்.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அது பாலிஷ் போட்டுத் தேய்த்தது, விலை பாதியாகக்கூட விழும். கறுத்த நாணயமே மேல்.

மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்து, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (டாலர்) நோட்டுக் கட்டில் வரிசை எண் உள்ளதை மட்டும் தேடுங்கள். எழுத்து மட்டும் உள்ளவை ஏராளம்.

வாங்குபவரிடம் ஏலக்காரர் எடுக்கும் கமிஷனையும் கணக்கில் சேருங்கள். 15 சதவீதம் என்றால் 500 ரிங்கிட்டுக்குக் கேட்டது 575 ஆகிவிடும்.